எழுத்துக்கு இருக்கை உண்டு: இடமாற்றப் புதிர்களும் தமிழ் நெடுங்கணக்கின் வரலாறும்



ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை வழியே நடந்து செல்பவர் அரைமணி நேரத்தில் நான்கு எழுத்துலகங்களைக் கடந்து விடுகிறார். 1818ஆம் ஆண்டைச் சேர்ந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் கல்லில் ஆங்கில எழுத்து. குவான் இன் கோயிலின் தூண்களில் சீன எழுத்து. குயின் தெருவை நோக்கி வாயில் வைத்த, 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலில் தமிழ் எழுத்து. 1801ஆம் ஆண்டளவில் தோன்றிய பள்ளிவாசலில் அரபு எழுத்து. இந்நான்கின் வடிவ வேறுபாட்டைக் கண்ணுடையார் எவரும் காண்பர். கண்ணுக்குப் புலனாகாத வேறுபாடு ஒன்றும் உண்டு. அது வரிசை வேறுபாடு. எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து வரவேண்டும் என்பதை நான்கு மரபுகளும் நான்கு வகையாக முடிவு செய்தன. தமிழ் செய்த முடிவு எத்தகையது, அதனால் நாம் பெற்றது என்ன, இன்று இழக்கத் தொடங்கியிருப்பது என்ன என்பவையே இவ்வுரையின் பொருளாகும்.

இப்பொருளுக்குள் புக, மாணவர் அனைவரும் அறிந்த ஒரு சிறு வாயில் இருக்கிறது. அதுதான் எழுத்து ஒப்புமைப் புதிர்.

1. புதிரின் இயல்பு

போட்டித் தேர்வுகளிலும் அறிவுத்திறன் பயிற்சி நூல்களிலும் இவ்வகை வினா தவறாது இடம்பெறும். 'பி, இ, டி' என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள் 'சி, எஃப், இ' என மாறினால், வேறொரு சொல் எவ்வாறு மாறும் என்று கேட்பர். விடை காண வழி எளிது. ஒவ்வோர் எழுத்துக்கும் வரிசையில் உள்ள எண்ணைக் காணவேண்டும். 'பி' இரண்டாவது, 'சி' மூன்றாவது. 'இ' ஐந்தாவது, 'எஃப்' ஆறாவது. 'டி' நான்காவது, 'இ' ஐந்தாவது. ஒவ்வொன்றும் ஓரிடம் முன்னேறியுள்ளது. அதே விதியைப் புதிய சொல்லிலும் செலுத்த, விடை தானே வரும். சில புதிர்களில் நகர்வு ஒன்று, இரண்டு, மூன்று என ஏறிச் செல்லும். சிலவற்றில் பின்னோக்கிச் செல்லும். சிலவற்றில் முதலெழுத்துக்குக் கடைசி எழுத்து, இரண்டாம் எழுத்துக்குக் கடைசிக்கு முந்தையது எனக் கண்ணாடிபோல் எதிரெதிர் வரும். எழுத்துகள் 26 ஆதலின், எதிரிணையான இரண்டின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 27 ஆகும் என்பது பயின்றார் அறிந்த குறுக்குவழி.

இதன் வேர் மிகப் பழையது. உரோமானியத் தலைவர் ஜூலியஸ் சீசர் மந்தணக் கடிதங்களில் ஒவ்வோர் எழுத்துக்கும் மூன்று இடம் தள்ளிய எழுத்தை எழுதினார் என்று வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் குறிப்பிடுகிறார்.

இங்கே நாம் நின்று கேட்கவேண்டிய வினா ஒன்று உண்டு. 'பி'க்கும் 'சி'க்கும் என்ன உறவு? ஒலியால் உறவில்லை, வடிவால் உறவில்லை, பொருளாலும் இல்லை. ஒன்றன்பின் ஒன்று நிற்கின்றன என்பதன்றி வேறொன்றுமில்லை. உரோமானிய வரிசை பினீசியரிடமிருந்து கிரேக்கர் வழியாக வந்தது. இடையில் பயனற்றுப் போன 'இசட்' நீக்கப்பட்டு, அதன் இருக்கையில் புதிய எழுத்தான 'ஜி' அமர்த்தப்பட்டது. பின்னர்க் கிரேக்கச் சொற்களை எழுதும் தேவை வந்தபோது திரும்பிய 'இசட்'டுக்குக் கடைசி இடமே கிடைத்தது. ஆகவே ஆங்கில வரிசை நிகழ்ச்சிகளால் ஆனது; அதனைப் பாடமாக்க முடியுமேயன்றிக் காரணம் கூறி விளக்க முடியாது.

பிற மரபுகளையும் சுருக்கமாகக் காண்போம். இன்று வழங்கும் அரபு வரிசை பெரும்பாலும் வடிவம் நோக்கியது. ஒரே உருவும் வேறு வேறு புள்ளியும் உடைய எழுத்துகள் அதில் அடுத்தடுத்து நிற்கும். மலாய் மொழியின் ஒலிகளுக்காக ஜாவி எழுத்தில் புதியன சேர்ந்தபோதும், அவை பெரும்பாலும் தத்தம் உருவை ஒத்த பழைய எழுத்தின் அருகிலேயே அமர்ந்தன. சீனத்திற்கு நெடுங்கணக்கே இல்லை. 1716இல் முடிவுற்ற காங்சி அகராதி எழுத்துகளை 214 அடிப்படை உறுப்புகளின் கீழும், கோடுகளின் எண்ணிக்கையாலும் வகுத்தது.

தமிழ் ஒலியை நோக்கியது.

2. நெடுங்கணக்கின் அமைப்பு

மெய்யெழுத்துகள் பதினெட்டுக்கும் எண் இட்டுப் பார்ப்போம். க் 1, ங் 2, ச் 3, ஞ் 4, ட் 5, ண் 6, த் 7, ந் 8, ப் 9, ம் 10. இப்பத்தில் ஒற்றைப்படை எண் பெற்றவை யாவும் வல்லினம். இரட்டைப்படை எண் பெற்றவை யாவும் மெல்லினம். 11 முதல் 16 வரை ய், ர், ல், வ், ழ், ள் என்னும் இடையினம். இறுதியில் ற் 17, ன் 18. மீண்டும் ஒற்றை வல்லினம், இரட்டை மெல்லினம்.

ஆகவே தமிழில் ஓரிடம் நகர்தல் வெறும் நகர்தல் அன்று. வல்லெழுத்திலிருந்து ஓரிடம் முன்னேறினால், வாயில் அதே இடத்தில் பிறக்கும் மெல்லெழுத்தை அடைவோம். ககரமும் ஙகரமும் அடிநாவில் பிறக்கின்றன. பகரமும் மகரமும் இதழில் பிறக்கின்றன. மேலும், க் முதல் ப் வரை வரிசையாக ஒலித்துப் பார்ப்பவர், ஒலி பிறக்குமிடம் தொண்டையின் அருகிலிருந்து படிப்படியாக வெளிவந்து இதழில் முடிவதை உணரலாம். பிராமி வழிவந்த இந்திய எழுத்துமுறைகளுக்குப் பொதுவான இவ்வொழுங்கு தமிழிலும் உள்ளது.

இவ்வுறவு ஏட்டளவில் நிற்பதன்று. நம் அன்றாடப் பேச்சில் அது வேலை செய்கிறது. மரம் என்பதோடு 'கள்' சேரின் 'மரங்கள்' ஆகிறது. காலம் என்பதோடு 'சென்ற' சேரின் 'காலஞ்சென்ற' ஆகிறது. வரும் என்பதோடு 'தோறும்' சேரின் 'வருந்தோறும்' ஆகிறது. மகரம் மூன்று இடத்தும் மூன்று எழுத்தாக மாறியது. விதி ஒன்றே: வருகின்ற வல்லெழுத்துக்கு அடுத்த இருக்கை எதுவோ, மகரம் அங்கே போய் அமர்கிறது. பகரம் வந்தால் என்ன ஆகும்? பகரத்துக்கு அடுத்த இருக்கை மகரத்தின் இருக்கையே ஆதலின் மாற்றம் இல்லை. 'மரம் பெரிது' என்றே நிற்கிறது.

பின்னோக்கிய நகர்வும் உண்டு. பொன் என்பதோடு குடம் சேரப் 'பொற்குடம்'. மண் என்பதோடு குடம் சேர 'மட்குடம்'. முன்னதில் 18ஆம் எழுத்து 17ஆம் எழுத்தாயிற்று. பின்னதில் 6ஆம் எழுத்து 5ஆம் எழுத்தாயிற்று. இரண்டும் ஓரிடம் பின்வாங்கின. புணர்ச்சி விதி என்ற பெயரில் மாணவர் அஞ்சும் பகுதி, இடமாற்றப் புதிராக எவ்வளவு எளிதில் விளங்குகிறது!

எல்லாப் புணர்ச்சியும் இவ்வாறு அமையும் என்று கூறுவதற்கில்லை. கல் 'கற்கள்' ஆகும்போது 13ஆம் எழுத்து 17ஆம் எழுத்தாகிறது. முள் 'முட்கள்' ஆகும்போது 16ஆம் எழுத்து 5ஆம் எழுத்தாகிறது. இங்கே எண் வழிகாட்டாது. ஒலி உறவையே நாடவேண்டும். வரிசை இலக்கணத்தின் நிழல். நிழல் எங்கும் உருவை முழுமையாகக் காட்டிவிடாது.

3. வரிசைக்குக் காரணம் கூறிய இலக்கணிகள்

தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் தொடக்கத்திலேயே, எழுத்து எனப்படுபவை அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் முப்பது என்று கூறிவிடுகிறது. முதலும் முடிவும் சொல்லப்பட்ட மையால், வரிசை அந்நூலுக்கு முன்பே நிலைபெற்றுவிட்டது என்பது தெளிவு. திருக்குறளின் முதல் எழுத்து அகரமாகவும் இறுதி எழுத்து னகர மெய்யாகவும் இருப்பதை அறிஞர் பலர் சுட்டியுள்ளனர்.

பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் ஒருபடி மேலே சென்றார். எழுத்துகள் ஏன் இம்முறையில் நிற்கின்றன என்பதற்குச் சிறப்பு, இனம் என்னும் இரு காரணங்களைக் காட்டினார். இனம் என்றால் என்ன என்பதையும் வரையறுத்தார். பிறக்கும் இடம், முயற்சி, மாத்திரை, பொருள், வடிவு என்பவற்றுள் ஒன்றாலேனும் ஒத்திருப்பது இனம். அதாவது ஒருபுடை ஒப்பு. இன்றைய தேர்வு நூல் 'ஒப்புமை' என்று எதைக் கேட்கிறதோ, அதனை எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் இலக்கண நூல் வரையறை செய்துள்ளது.

உயிரெழுத்துகளில் இவ்வரையறை நுட்பமான சோதனைக்கு உள்ளாகிறது. அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ, ஏ என நான்கு இணைகள் குறிலும் நெடிலுமாக வருகின்றன. ஒன்பதாம் இடத்தில் ஐகாரம் இணையின்றி நிற்கிறது. ஒ, ஓ என்னும் இணைக்குப் பின் ஔகாரமும் அவ்வாறே நிற்கிறது. நெடிலிலிருந்து ஓரிடம் பின்வாங்கினால் குறில் கிடைக்கும் என்ற விதி ஐகாரத்தில் தவறிவிடும், ஏகாரமே கிடைக்கும். நன்னூல் இவ்விடர்ப்பாட்டை அறிந்து, ஐகாரத்துக்கு இகரத்தையும் ஔகாரத்துக்கு உகரத்தையும் இனமாகக் கொடுத்தது. எண்ணால் அண்மையானது வேறு, இனத்தால் அண்மையானது வேறு என்று பிரித்துணர்ந்த அறிவு அது.

மெய்வரிசையிலும் ஒரு புதிர் உண்டு. றகர னகரங்கள் நுனிநா மேலண்ணத்தைத் தொடப் பிறப்பவை. பிறப்பிட முறைப்படி அவை டகரத்துக்கும் தகரத்துக்கும் நடுவே நிற்கவேண்டும். வரிசையின் ஈற்றில் நிற்பது ஏன்? னகரம் ஆண்பால் ஈறாய் வரும் சிறப்பு நோக்கி இறுதியில் வைக்கப்பட்டது என்று பழைய உரையில் ஒரு விளக்கம் காணப்படுகிறது. வரலாற்று நோக்கினர் வேறு கூறுவர். ழ, ள, ற, ன என்னும் நான்கும் தமிழ் தனக்கென வேண்டிப் பெற்றவை. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் இவற்றுக்குத் தனி வடிவங்கள் உள்ளன. பொதுவான வரிசை முடிந்தபின் இந்நான்கும் ஈற்றில் சேர்க்கப்பட்டன என்பது அவர் கருத்து. ஜாவியில் புதியவர்க்கு உருவொத்தவர் அருகில் இடம் கிடைத்தது. தமிழில் பந்தியின் கடைசியில் கிடைத்தது. எனினும் அங்கேயும் றகரமும் னகரமும் வல்லினம் முன், மெல்லினம் பின் என்று இணையாகவே அமர்த்தப்பட்டன என்பது நினைக்கத்தக்கது.

4. புலவர் ஆடிய இடமாற்றம்

எழுத்தைப் பெயர்த்துப் புதிர் செய்தல் நமக்கு மேலைநாட்டுத் தேர்வுகள் கற்றுத்தந்தது அன்று. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர், முன்னிருந்து படிப்பினும் பின்னிருந்து படிப்பினும் ஒன்றாக அமையும் மாலைமாற்றுப் பதிகம் பாடினார். தண்டியலங்காரம் சித்திரகவி வகைகளை எண்ணி வகுத்தது. ஓரெழுத்தைக் கூட்டக் கூட வேறு வேறு சொல்லாவது எழுத்து வருத்தனம். ஓரெழுத்தை நீக்க நீக்க வேறு சொல்லாவது அக்கரச் சுதகம்.

நம் பொருளுக்கு மிக அண்மையானவை மாத்திரைச் சுருக்கமும் மாத்திரை வருத்தனமும் ஆகும். ஒரு சொல்லின் நெடிலைக் குறிலாக்கினால் வேறு பொருள் தரும் சொல் பிறக்கவேண்டும். அல்லது குறிலை நெடிலாக்கினால் பிறக்கவேண்டும். 'நாகம்' சுருங்கினால் 'நகம்'. 'பாணம்' சுருங்கினால் 'பணம்'. 'கல்' நீண்டால் 'கால்'. 'பல்' நீண்டால் 'பால்'. நெடுங்கணக்கை முன்னே வைத்துப் பார்த்தால் இது உயிர்வரிசையில் ஓரிடம் முன்னும் பின்னும் செல்லும் நகர்வே அன்றி வேறன்று. இன்றைய புதிருக்கும் இதற்கும் வேறுபாடு ஒன்று உண்டு. 'பி, இ, டி' நகர்ந்து பெற்ற 'சி, எஃப், இ' ஒரு சொல் அன்று, பொருளற்ற குவியல். புலவரின் நகர்வு ஒவ்வொரு முறையும் ஒரு சொல்லில் சென்று முடிந்தாக வேண்டும். எண்ணறிவோடு சொல்வளத்தையும் அது கேட்டது.

வரிசையை மனத்தில் பதிக்கும் பணியை ஔவையாரின் ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் செய்தன. குழந்தை அறத்தைக் கற்கும்போதே எழுத்தின் முறையையும் கற்றது.

5. வரிசை அகராதியான கதை

திவாகரம், பிங்கலம் முதலிய பழைய நிகண்டுகள் சொற்களைப் பொருள் வகையால் தொகுத்தன. தெய்வப் பெயர் ஒரு தொகுதி, மரப் பெயர் ஒரு தொகுதி எனச் செல்லும் அவற்றை மனப்பாடம் செய்தவரே பயன்கொள்ள முடியும். 1594இல் சிதம்பர இரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு, சொற்களை முதலெழுத்தின் வரிசையில் வைத்தது. 1732இல் வீரமாமுனிவர் ஆக்கிய சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதியாக அமைந்து, முதலெழுத்தோடு அடுத்தடுத்த எழுத்துகளின் வரிசையையும் நோக்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தபோது இம்மரபு முழுமை பெற்றது.

இம்மாற்றத்தின் பயன் பெரிது. நிகண்டுக்கு நினைவாற்றல் வேண்டும். அகராதிக்கு வரிசை அறிவு போதும். நெடுங்கணக்கு தெரிந்த எவரும், ஆசிரியர் துணையின்றி, எந்தச் சொல்லையும் தாமே தேடிக் காணலாம். வரிசை அறிவு என்பது கல்வியில் தற்சார்பு.

6. கணிப்பொறி இட்ட இருக்கை

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுத்துகளுக்கு மீண்டும் எண் இடவேண்டிய நிலை வந்தது. 1991இல் வெளிவந்த ஒருங்குறி, தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதியை ஒதுக்கியது. அதன் அமைப்பு இந்திய அரசின் இஸ்கி முறையைத் தழுவியது. இந்திய மொழிகள் யாவற்றிலும் ஒத்த ஒலிக்கு ஒத்த இடம் என்பது அம்முறையின் கோட்பாடு. தேவநாகரியில் ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே மூன்று எழுத்துகள் உண்டு, தமிழில் இல்லை. ஆயினும் அம்மூன்று இடங்களும் வெற்றிடமாக விடப்பட்டன.

விளைவைப் புதிராகவே காணலாம். ஒருங்குறியில் க–ங, ச–ஞ, ட–ண, த–ந, ப–ம என்னும் ஐந்து இணைகளிலும் இடைவெளி நான்கு. ஆறாம் இணையான ற–ன இணையில் னகரம் எட்டு இடம் முன்னதாகவே வந்துவிடுகிறது. நகரத்துக்கு அடுத்து னகரமும், ரகரத்துக்கு அடுத்து றகரமும் வைக்கப்பட்டமையே காரணம். சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையில் ஜகரம் அமர்ந்துள்ளது. புள்ளிக்குரிய எண் உயிர்க்குறிகளுக்கும் பின்னது. ஆகவே எண்ணை மட்டும் நோக்கி வரிசைப்படுத்தும் கருவி, அகராதியில் முன்வரவேண்டிய 'அக்கம்' என்னும் சொல்லை 'அகம்' என்பதற்குப் பின்னே தள்ளிவிடும். இக்குறையை நீக்கத் தனியே வரிசைப்படுத்தும் விதிகள் எழுதப்பட்டுள்ளன. நல்ல மென்பொருள்கள் அவற்றைப் பின்பற்றுகின்றன. தமிழ்நாடு அரசு 2010இல், ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் 'டேஸ் 16' என்னும் குறியீட்டையும் ஏற்றது.

குறியீட்டை வகுத்தவரைக் குறைகூறுதல் என் நோக்கமன்று. பல மொழிகளை ஒரே அச்சில் வார்க்க முனைந்தோர்க்கு அது இயல்பான வழியாகத் தோன்றியிருக்கும். தமிழின் வரிசை தமிழின் இலக்கணத்தோடு பிணைந்தது என்பதை உரிய காலத்தில், உரிய இடத்தில் எடுத்துரைப்போர் வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் கற்கும் பாடம். மலேசியரான முத்து நெடுமாறன் போன்றோர் கணித்தமிழுக்கு ஆற்றிய பணியை இவ்விடத்தில் நன்றியோடு நினைவுகூர்கிறேன்.

7. நம் பள்ளிகளும் நெடுங்கணக்கும்

1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பை இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொண்டு, 2016இல் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம். இன்று பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அங்குப் பயிலும் நம் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் பதினைந்தாவது எது என்று கேட்டால் 'ஓ' என உடனே கூறுவர். பயிற்சி நூல்கள் அதனைக் கற்பித்துள்ளன. மெய்யெழுத்தில் பதினைந்தாவது எது என்று கேட்டால் பெரியவராகிய நாமே விரல்விட்டு எண்ணத் தொடங்குகிறோம். அது ழகரம். எந்த எழுத்தைத் தமிழின் அடையாளம் என்று மேடைதோறும் போற்றுகிறோமோ, அதன் இருக்கையை அறியோம்.

தேடுபொறி இருக்கையில் வரிசை எதற்கு என்று சிலர் வினவலாம். தேடுபொறி கேட்ட சொல்லை மட்டும் தரும். வரிசை அறிந்தவர்க்கு அச்சொல்லின் சுற்றமும் கிடைக்கும். மகரம் ஏன் ஙகரமாயிற்று என்பது அவருக்கு மனப்பாடச் சுமையாக இராது. அடுத்த இருக்கைக்குச் சென்றது என்று அவரே கண்டுகொள்வார்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். எழுத்து ஒப்புமைப் புதிர்களை விலக்க வேண்டா. அவற்றைத் தமிழ் நெடுங்கணக்கில் செய்து கொடுங்கள். க் : ங் :: த் : எது? நாகம் : நகம் :: பாணம் : எது? பொன் : பொற்குடம் :: மண் : எது? இவற்றுக்கு விடை காணும் மாணவர் எண்ணையும் கற்கிறார், இலக்கணத்தையும் கற்கிறார், சொல்லையும் கற்கிறார். இதற்குப் புதிய பாடநூல் வேண்டுவதில்லை. வகுப்பறைச் சுவரில் தொங்கும் நெடுங்கணக்கு அட்டை ஒன்றே போதும்.

இல்லந்தோறும் பெற்றோரும் இன்றிரவே தொடங்கலாம். 'மரம்' பன்மையாகும்போது 'மரங்கள்' ஆவது ஏன் என்று பிள்ளையிடம் கேளுங்கள். அட்டையில் ககரத்துக்கு அடுத்த கட்டத்தை அப்பிள்ளை விரலால் தொடுமாயின், இவ்வுரை பயன் பெற்றதாகக் கொள்வேன்.